ஸ்மார்ட் சிக்னல் நெரிசலைத் தீர்க்காது

நெரிசலைப் பற்றி எந்த ஊரில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு இப்போது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சிக்னல்களை ஸ்மார்ட் ஆக்குங்கள், சந்திப்புக்குச் சந்திப்பு கேமரா மாட்டுங்கள், மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களிலும், தமிழ்நாட்டின் 11 நகரங்கள் உட்பட, கட்டுப்பாட்டு மையங்கள் வந்துவிட்டன. சுவர் முழுக்கத் திரைகள், திரை முழுக்கச் சாலைகள். வெளியே வந்து பார்த்தால் அதே வரிசை, அதே ஹாரன். இருந்தும் நம்பிக்கை குறையவில்லை. கருவி போதவில்லை, இன்னும் வாங்க வேண்டும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு.

அந்தத் தரப்பை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். நேரம் குறித்துவைத்த பழைய சிக்னலுக்குக் கண் இல்லை. வண்டியே வராத திசைக்கு 40 விநாடி பச்சை எரியும். பக்கத்துத் திசையில் நூறு வண்டிகள் காத்துக் கிடக்கும். சாலையை உணரும் கருவி, உணர்ந்ததைக் கணக்கிடும் கணினி, கணக்கின் முடிவை விளக்கிலோ அறிவிப்புப் பலகையிலோ கைபேசியிலோ காட்டும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்த விரயம் மறையும். நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு என்பதன் அடிப்படையே இந்த மூன்றுதான். மேம்பாலத்துக்கு ஆகும் பணத்தில் சிறு பங்கே போதும். வீடு இடிக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். அதோடு, இது புத்தம் புதிய தொழில்நுட்பம். பழைய தோல்விகளைக் காட்டி இதை எடை போடக் கூடாது என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. பிரிட்டன் உருவாக்கிய ஸ்கூட் என்ற அமைப்பு, நன்றாகப் பராமரித்த நிலையான நேரத் திட்டத்தைவிடத் தாமதத்தைச் சராசரியாக 12 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. நல்ல பயன்தான், மறுக்கவில்லை. 12 சதவீதம் குறைக்கும் கருவியை நெரிசலுக்கே தீர்வு என்று விற்பதைத்தான் மறுக்கிறேன்.

1. புதியது என்பதே முதல் பிழை.

சாலைக்கு விளக்கு வைத்துக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஜே. பி. நைட் என்ற ரயில்வே பொறியாளரின் வடிவமைப்பில் எரிவாயு விளக்கு நட்டார்கள். அடுத்த மாதமே அது வெடித்து, அதை இயக்கிய காவலர் காயமடைந்தார். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்சார விளக்கு வந்தது. வண்டியின் வருகையை விளக்கே உணர வேண்டும் என்ற எண்ணமும் பழையதுதான். 1928இல் பால்டிமோரில் சார்லஸ் ஆட்லர் ஒரு சந்திப்பில் ஒலிவாங்கியைப் பொருத்தினார். ஓட்டுநர் ஹாரன் அடித்தால் விளக்கு மாறும். உணர்வது, முடிவெடுப்பது, தெரிவிப்பது ஆகிய மூன்றும் அந்தக் கம்பத்திலேயே இருந்தன.

கணினியும் நேற்று வந்ததல்ல. 1960களின் தொடக்கத்திலேயே கனடாவின் டொரண்டோ தன் சிக்னல்களைக் கணினியிடம் கொடுத்தது. 1970களில் சிட்னியில் ஸ்கேட்ஸ், பிரிட்டனில் ஸ்கூட். இன்று ஸ்மார்ட் சிக்னல் என்று விற்கப்படும் பலவற்றுக்கும் இவை இரண்டுமே முன்னோர். ஓட்டுநருக்கு வழிகாட்டும் மின்னணு அமைப்பை அமெரிக்கா 1960களின் இறுதியில் சோதித்துப் பணம் இல்லாமல் கைவிட்டது. ஜப்பான் 1973இல் அதே வேலையைத் தொடங்கி, விடாமல் பிடித்து, 1996இல் நெரிசல் தகவலை நேராகக் காருக்குள் அனுப்பும் நிலைக்கு வந்தது. ஐரோப்பாவில் இதே துறையில் கார் நிறுவனங்கள் கூடி நடத்திய புரோமிதியஸ் திட்டம் 1995 வரை ஓடியது. அமெரிக்க நாடாளுமன்றம் 1991இல் சட்டம் போட்டே இந்தத் துறைக்கு நிதி ஒதுக்கியது. நுண்ணறிவுப் போக்குவரத்துக்கான முதல் உலக மாநாடு 1994இல் பாரிஸில் நடந்தது.

இத்தனை கால அனுபவத்தின் முடிவை அறிய லாஸ் ஏஞ்சலிஸைப் பார்த்தால் போதும். 1984 ஒலிம்பிக்கை ஒட்டிக் கணினிக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய அந்த நகரம், 2013இல் தன் சுமார் 4,400 சிக்னல்களையும் ஒரே அமைப்புக்குள் ஒருங்கிணைத்து முடித்தது. அந்த அளவில் அதைச் செய்த முதல் பெருநகரம் அது. நெரிசலுக்குப் பேர்போன நகரங்களின் பட்டியலிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் இன்னும் வெளியேறவில்லை. முப்பதாண்டு உழைப்பு, தேர்ந்த பொறியாளர்கள், குறைவில்லாத நிதி, தடம் பிசகாமல் ஓட்டும் ஓட்டுநர்கள் எல்லாம் இருந்தும் அங்கே தீராத ஒன்று நம் ஊரில் ஒரு டெண்டரில் தீரும் என்பதற்கு ஆதாரம் என்ன?

2. கணக்கு இடம் கொடுக்கவில்லை.

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வெப்ஸ்டர் 1958இல் தந்த சூத்திரத்தைப் போக்குவரத்துப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எல்லாத் திசைக்கும் பச்சை காட்டி முடிக்க, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, எத்தனை விநாடி வைத்தால் தாமதம் குறையும் என்பதை அது சொல்கிறது. விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் யாருக்கும் பயன்படாமல் போகின்றன. முன்னால் நிற்கும் வண்டி கிளம்ப ஆகும் நேரம், நடுவில் சிக்கிய வண்டி வெளியேற ஆகும் நேரம். ஒரு சுற்றில் இப்படி வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, சந்திப்பில் இன்னும் மிச்சமுள்ள இடத்தின் விகிதத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு சுற்றில் திசைக்கு ஒன்றாக நான்கு பச்சைக் கட்டம், கட்டத்துக்கு 3 விநாடி வீண் என்று வைத்துக்கொண்டால் மேலே நிற்கும் எண் 23. சந்திப்பு 60 சதவீதம் நிரம்பியிருந்தால் சுற்றுக்குச் சுமார் 58 விநாடி போதும். 80 சதவீதம் என்றால் 115. 90 என்றால் 230. 95 என்றால் 460 விநாடி, ஏழரை நிமிடத்துக்கும் மேல். 100 சதவீதம் நிரம்பியதும் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடுகிறது. சூத்திரத்திடம் விடை இல்லை.

ஸ்மார்ட் சிக்னலின் எல்லை இங்கேதான். நடுத்தரக் கூட்டத்தில், வரத்து மேலும் கீழுமாக மாறும்போது, அது நன்றாக வேலை செய்யும். ஒரு தடத்தில் பச்சை எரிகையில் இரண்டு விநாடிக்கு ஒரு கார் வீதம் மணிக்கு 1,800 கார் கடக்கலாம். பச்சை பாதி நேரம்தான் என்றால் 900. மணிக்கு 1,000 கார் வந்தால் முதல் மணியில் 100 தேங்கும், அடுத்த மணியில் 200. எந்த மென்பொருளும் அந்தத் தேக்கத்தை எந்தத் திசையில் நிறுத்துவது என்று மட்டுமே முடிவு செய்ய முடியும்.

மாலை உச்ச நேரத்தில் போக்குவரத்துக் காவலர் சாலையோரப் பெட்டியைத் திறந்து சிக்னலைத் தன் கைக்கு மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று விடுவார். நவீனக் கருவியைக் காவலர்கள் கெடுக்கிறார்கள் என்று இதைக் குறையாகச் சொல்வதுண்டு. அவர் செய்வது வெப்ஸ்டரின் கணக்கைத்தான். நிரம்பிய சந்திப்பில் சுற்றை நீட்டினால் மாற்றத்தில் வீணாகும் விநாடிகள் குறையும். ஆனால் நீட்ட நீட்ட எதிர்ப்புற வரிசை பின்னால் வளர்ந்து முந்தைய சந்திப்பையே அடைத்துவிடும். இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்கக் கணினிக்கும் வேறு வழி கிடையாது.

3. இடம் கிடைத்தால் வண்டி வரும்.

பெரிய முயற்சியில் அந்த 12 சதவீதத்தை மிச்சப்படுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது எத்தனை நாள் நிற்கும்? உச்ச நேர நெரிசல் சாலையின் கொள்ளளவு வரை எப்படியும் ஏறிவிடும் என்று ஆன்டனி டவுன்ஸ் 1962இலேயே எழுதினார். 2011இல் துரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவை ஆராய்ந்து, நெடுஞ்சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், பேருந்தில் போனவர் எல்லாரும் சாலை இளகியதும் திரும்பி வருகிறார்கள். சிமெண்டால் கிடைத்த இடத்துக்கு இது பொருந்தும் என்றால் மென்பொருளால் கிடைத்த இடத்துக்கும் பொருந்தும். ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றுதான்.

4. கருவி யாரை எண்ணுகிறது?

இதை யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

தாரைக் கீறி அதற்குள் கம்பிச் சுருளைப் புதைப்பது வாகனத்தை உணர உலகெங்கும் அதிகம் பயன்பட்ட முறை. மின்னோட்டம் பாயும் சுருளுக்கு மேல் பெரிய உலோகம் வந்ததும் அதன் மின்தூண்டல் மாறும். பெட்டிக்குள் வண்டி ஒன்று என்று பதிவாகும். 60 பேரோடு வரும் பேருந்தும் ஒன்று. ஒற்றை ஆள் உட்கார்ந்த காரும் ஒன்று. நடந்து போகிறவர் உலோகம் இல்லை, ஆகவே பதிவே இல்லை. வாகனங்களின் மொத்தத் தாமதத்தைக் குறை என்று இந்த எண்ணிக்கையைக் கொடுத்துக் கணினியைப் பணித்தால் அது கார்கள் நிறைந்த திசைக்கே பச்சையை வாரிக் கொடுக்கும். கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்கிறது.

தடம் பார்த்து ஓடாத நம் சாலைகளில் சுருள் சரிப்படாது என்று கேமராவுக்கு மாறியிருக்கிறார்கள். கேமராவால் பேருந்தைத் தனியாக அடையாளம் காண முடியும், நடப்பவரையும் எண்ண முடியும். எண்ணச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்கிறோமா? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இறப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு இந்த இரண்டு கூட்டத்துக்குப் போகிறது. சாலையின் வெற்றியைக் காரின் வேகத்தால் அளக்கும் அமைப்புக்குள் அவர்கள் வருவதே இல்லை. சந்திப்பின் சுற்று நான்கு நிமிடமாக நீளும்போது கையில் பையோடு ஓரத்தில் நிற்கும் பெரியவர் நான்கு நிமிடம் பொறுப்பதில்லை. இடைவெளி பார்த்து இறங்கிவிடுகிறார். அவர் விதியை மீறினார் என்று எழுதுகிறோம். அவருக்கு எத்தனை விநாடி கொடுத்தோம் என்று எங்கும் எழுதுவதில்லை.

வேறு மாதிரி எண்ணிய நகரமும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் சூரிக் மக்கள் 1973இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1977இல், தரைமேல் ஓடும் டிராமையும் பேருந்தையும் விரைவாக்க நிதி ஒதுக்கி வாக்களித்தார்கள். அதன்பின் அங்கே சிக்னல்கள் டிராம் நெருங்குவதை முன்கூட்டியே அறிந்து பச்சை காட்டும்படி அமைக்கப்பட்டன. நகர மையத்துக்குள் கார் மிகும்போது வெளிவிளிம்பில் வரும் கார்களைச் சிவப்பில் நிறுத்திவைக்கவும் அதே அமைப்பு பயன்படுகிறது. நாம் வாங்கும் அதே வகைக் கருவிதான். யார் காத்திருக்க வேண்டும் என்பதை மக்கள் முதலில் வாக்களித்துத் தீர்மானித்தார்கள்.

டெல்லியில் அந்தத் தீர்மானம் தாங்கவில்லை. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் திறந்த பேருந்துத் தடத்துக்கு எதிராகக் கார் வைத்திருப்பவர்களின் கூச்சல் ஓயவே இல்லை. 2012இல் உயர் நீதிமன்றம் தடத்துக்கு ஆதரவாக நின்றது. 2016இல் அதை இடித்துவிட்டார்கள்.

5. வென்ற இடங்களில் முடிவு முதலில் வந்தது, கருவி பிறகு.

நெரிசலைக் கண்கூடாகக் குறைத்த நுண்ணறிவு அமைப்பு என்று எல்லாரும் சுட்டுவது சிங்கப்பூர். சாலைக்குக் குறுக்கே நிற்கும் வளைவுக்கு அடியில் கார் போகும்போதே கட்டணம் கழியும் காட்சியைப் படம் எடுத்து நம் அதிகாரிகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த வளைவுகள் வந்தது 1998இல். சிங்கப்பூர் நெரிசலை அடக்கியதோ 1975இல், காகிதத்தால்.

1975 ஜூன் 2 முதல் காலை உச்ச நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார் ஒரு நாளைக்கு 3 சிங்கப்பூர் டாலர் கொடுத்து வாங்கிய உரிமச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. பேருந்துக்கும் இல்லை. நுழைவாயில்களில் ஊழியர்கள் நின்று கண்ணால் பார்த்து, சீட்டு இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். உணர்கருவி மனிதக் கண், தரவுத்தளம் ஒரு குறிப்பேடு. அந்த நேரத்துப் போக்குவரத்து 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

ஹாங்காங்கின் கதை இதற்கு நேர்மாறானது. 1983 முதல் 1985 வரை அங்கே சுமார் 2,500 வண்டிகளில் மின்னணு அடையாளக் கருவி பொருத்தி, சாலையில் சுருள் புதைத்து, தானியங்கிக் கட்டணத்தைச் சோதித்தார்கள். கருவி கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் யார் எங்கே போகிறார் என்பதை அரசு குறித்துவைக்கும் என்று மக்கள் அஞ்சினார்கள், அரசு பின்வாங்கியது. சிங்கப்பூரை விடப் பதின்மூன்று ஆண்டு முன்பே கருவி தயார். முடிவு தயாராகவில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை. முன்பணம் ஏற்றிய அட்டையிலிருந்து காருக்குள்ளேயே கட்டணம் கழியும் முறையைச் சிங்கப்பூர் பின்னாளில் வைத்ததால் பயண விவரம் போட்ட மாத பில் தேவைப்படவில்லை; அந்த அச்சத்துக்கும் பெருமளவு பதில் கிடைத்தது.

1998க்குப் பின்னும் சிங்கப்பூரில் உண்மையில் வேலை செய்வது ஒரு விதிதான். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற பெருஞ்சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகம் நிலவ வேண்டும். இறங்கினால் கட்டணம் ஏறும், கூடினால் குறையும். அதற்கு முன் 1990இலேயே, எத்தனை வண்டிகளைப் பதிவு செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டு, உரிமத்தை ஏலத்தில் விட்டார்கள். வளைவில் மின்னும் விளக்கு இந்த விதிகளின் கணக்குப்பிள்ளை மட்டுமே.

ஸ்டாக்ஹோம் இன்னும் தெளிவான சான்று. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்தின் எல்லையைக் கடக்கும் வண்டிகளுக்குச் சோதனையாகக் கட்டணம் விதித்தார்கள். எல்லையைக் கடந்த வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் கேமராக்கள் அங்கேயே இருக்க, கட்டணம் மட்டும் நின்றது. வண்டிகள் பெருமளவு திரும்பி வந்தன. செப்டம்பரில் நகர மக்கள் வாக்கெடுப்பில் ஆதரித்ததால் 2007 ஆகஸ்ட்டில் கட்டணம் நிரந்தரமானது, வண்டிகள் மறுபடி குறைந்தன. எது வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனையை யாராலும் வடிவமைக்க முடியாது.

இந்தியாவிலும் பார்த்தோம். சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் பல ஆண்டுகள் சுங்கச்சாவடியில் ஓர் ஓரத் தடமாக இருந்தது. 2021 பிப்ரவரியில் அதைக் கட்டாயமாக்கி, இல்லாதவருக்கு இரட்டைக் கட்டணம் என்று அறிவித்த பிறகுதான் அது ஏறக்குறைய முழுமையானது. பிப்ரவரிக்கு முன்னும் பின்னும் ஸ்டிக்கர் அதேதான்.

6. கைபேசியும் தானியங்கிக் காரும் காப்பாற்றும் என்பது கடைசிப் புகலிடம்.

கைபேசி ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு விரைவான வழியைக் காட்டுகிறது. எல்லாரும் தமக்கு நல்ல வழியைத் தேர்ந்தால் எல்லாருக்கும் கெட்ட விளைவு வரலாம், புதிய இணைப்புச் சாலை ஒன்றே மொத்தப் பயண நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் பிராஸ் 1968இல் நிரூபித்தார். அமெரிக்காவின் நியூஜெர்சியில் லியோனியா என்ற சிற்றூர், செயலிகள் திருப்பிவிட்ட கார்கள் தெருவை அடைத்ததால், 2018இல் உச்ச நேரத்தில் வெளியாருக்குத் தன் தெருக்களை மூடியது. தானியங்கி நெடுஞ்சாலையை 1939 நியூயார்க் கண்காட்சியிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் காட்டியது. 1997இல் சான் டியாகோவில் கார்கள் தாமாக ஓடிக் காட்டின. அடுத்த ஆண்டே அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. தானாக ஓடும் காரும் ஒரு கார் அளவு இடத்தைத்தான் அடைக்கிறது. ஆளில்லாமல் சுற்றினால் இன்னும் அதிகம்.

அப்படியானால் கருவியே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரிவது பெரிய விஷயம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் சிக்னல் உயிர் காக்கும், வேகத்தைப் பிடிக்கும் கேமராவும் உயிர் காக்கும். பேருந்து தாமதமாக வந்தால் பச்சையைப் பத்து விநாடி நீட்டுவது மலிவான வேலை. இவை எல்லாவற்றிலும் யாருக்காக என்பது முதலிலேயே தெளிவாக இருக்கிறது, அதனால்தான் பலிக்கின்றன. கட்டணம் ஏழையைத் தாக்காதா என்றும் கேட்பார்கள். ஏழை பேருந்தில் போகிறார். கார் கட்டும் பணம் பேருந்துக்கே போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எழுதாவிட்டால் அந்த எதிர்ப்பு நியாயமானதே.

உங்கள் ஊரில் அடுத்த ஸ்மார்ட் சிக்னல் டெண்டர் மாமன்றத்துக்கு வரும்போது கவுன்சிலரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த அமைப்பு ஆட்களை எண்ணுமா, வண்டிகளை எண்ணுமா? பேருந்துக்கு எத்தனை விநாடி முன்னுரிமை? சாலையைக் கடப்பவர் அதிகபட்சம் எத்தனை விநாடி காத்திருப்பார்? சந்திப்பு நிரம்பியதும் எந்தத் திசையை நிறுத்துவது என்று யார் முடிவு செய்தார்கள்? நான்குக்கும் பதில் வரும்வரை அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.